இரண்டாவது சாயா

மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டில் ஒரே மணி நேரத்துக்குள் எனக்கு இரண்டு தடவை சாயா கொடுத்தார்கள். முதல் தம்ளரில் இஞ்சி தட்டிப் போட்டு, சீனி தூக்கலாக இருந்தது. இரண்டாவதில் இஞ்சியும் இல்லை, சீனியும் இல்லை. இரண்டையும் மிச்சம் வைக்காமல் குடித்தேன். ஒரு வீட்டில் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். எதிரே உட்கார்ந்திருந்த வீட்டுக்காரரும் இரண்டையும் குடித்தார்.

குடித்து முடித்ததும் பேனாவை எடுத்து, அவருடைய மறதிச் சோதனைப் படிவத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். ‘சற்று முன் சாயா குடித்தது நினைவில்லை. மறுபடியும் குடிக்கிறார்.’

சாயாவை மறுபடியும் போட்டுக் கொண்டுவந்தவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடமும் இல்லை.

இந்தத் தொடரைப் படித்து வரும் வாசகி ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். ‘முதியவர்களின் மறதியைப் பற்றி வாரா வாரம் எழுதுகிறீர்களே, நீங்கள் யாரையாவது தவறாகக் கணித்தது உண்டா?’ என்று கேட்டிருக்கிறார். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் அந்தக் கார்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அந்தச் சீனி இல்லாத சாயா நாக்கில் வந்து நின்றது. அம்மணி, உண்டு. சொல்கிறேன்.

சுக்கு வாசனை அடித்த காகிதங்கள்

எழுபதுகளின் கடைசியில், எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன். மனோதத்துவம் படித்த பெண் என்றால் முகத்தைப் பார்த்தே மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவாள் என்று சொந்தக்காரர்கள் பயந்த காலம். அந்தப் பயம் எனக்கு வசதியாக இருந்தது. கல்யாணப் பேச்சை என் எதிரில் யாரும் எடுக்க மாட்டார்கள்.

எங்கள் பிரிவின் தலைவரைப் ‘பெரிய சார்’ என்போம். வயதானால் வரும் மறதியில் எது இயற்கை, எது நோய் என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அன்று அதில் யாருக்கும் அக்கறை இல்லை. டிமென்ஷியா என்ற சொல் எங்கள் அறையைத் தாண்டி வெளியே போனது கிடையாது. வெளியே அதற்கு ‘அத்தும் பித்தும்’ என்று பெயர். தாத்தாவுக்கு அத்தும் பித்தும் தொடங்கிவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரித்து முடித்ததும் உள்ளறைக் கதவைச் சாத்துவார்கள்.

கேள்விகள் வெளிநாட்டிலிருந்து வந்தவை. அவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து அவற்றைத் திருப்பிக் கேட்க வேண்டும். மூலத்தில் இருந்த பொருள்கள் நம் ஊருக்கு ஒத்து வராது என்று தேங்காய், குடை, வள்ளம் என்று மாற்றினேன்; வள்ளம் என்றால் அங்கே படகு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே போகச் சொல்ல வேண்டும். சொந்த மேல்விலாசத்தைக் கேட்க வேண்டும். அதற்கு இரண்டு மதிப்பெண். தேதி, மாதம் கேட்க வேண்டும்.

இந்தத் தேதிக் கேள்வியில் பட்ட பாட்டைத் தனியாகவே எழுதலாம். ஒரு பெரியவர், “இங்கிலீஷ் மாசமா, மலையாள மாசமா?” என்றார். “ஏதாவது ஒண்ணு சொல்லுங்க” என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “அப்போ நினக்கே நிச்சயமில்ல, அல்லே?” என்றார். இன்னொருவரிடம் நாட்டை யார் ஆளுகிறார் என்று கேட்டேன். “அது எனக்கு எதுக்கு? எங்க வீட்ட என் மருமகள் ஆளுதா” என்றார். அவருக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

காலையில் எர்ணாகுளத்தில் படகு ஏறி மட்டாஞ்சேரி ஜெட்டியில் இறங்குவேன். இறங்கியதும் முதல் வேலை தும்முவது. தெரு முழுவதும் மிளகுக் கிடங்குகளும் சுக்கு காயப்போட்ட முற்றங்களும். நாள் முழுக்க அங்கே சுற்றிவிட்டுத் திரும்பினால் படிவங்களிலும் அந்த வாசனை ஏறியிருக்கும். பெரிய சார் தாளைப் புரட்டும்போதே தும்முவார். தும்மலின் பலத்தை வைத்து, “இன்னைக்கு நல்லாச் சுத்தியிருக்கே” என்பார்.

எங்கள் பட்டியல், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் பட்டியல். அத்தனை பேரும் ஆண்கள். பெண்கள் அதில் வர வழியே இல்லை. அவர்கள் எதிலிருந்தும் ஓய்வு பெறவில்லை.

ஆனால் பெண்களுக்குப் படிவத்தில் ஒரு இடம் வைத்திருந்தோம். முதல் பக்கத்தில், ‘தகவல் சொல்பவர்’ என்று ஒரு கட்டம். மனைவியோ மகளோ மருமகளோ, அந்த முதியவரைப் பற்றிச் சொல்வதை எழுதிக்கொள்ள. அவரை முதலில் தனியாகக் கேட்டுவிட்டுத்தான் பெரியவரிடம் போக வேண்டும் என்பது பெரிய சாரின் சட்டம்.

தகவல் சொன்னவர்

ஆறுமுகம் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலில் ஏறும் மூட்டை, இறங்கும் மூட்டைகளை நின்று எண்ணிக் குறிக்கும் வேலை. மூன்று தலைமுறைக்கு முன்னால் நாகர்கோவில் பக்கமிருந்து வந்த குடும்பம். என் அப்பாவின் முன்னோர்களும் அந்தப் பக்கம்தான் என்று சொன்னதும் பேச்சு மாறிவிட்டது. அவர் மாமா ஆனார். அவர் மனைவி தங்கம்மாள் அத்தை ஆனார். நான் அவருக்கு டாக்டரம்மா, அத்தைக்கு ‘மோள்’, அதாவது மகள். டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் மாமா விடவில்லை.

“மோளே, வெயில்ல வந்திருக்க. மொதல்ல சாயா குடி. பொறவு கேள்வி கேக்கலாம்” என்றார் அத்தை. குள்ளமான உருவம். நெற்றி நிறைய விபூதி. இடுப்பில் சாவிக்கொத்து. நடக்கும்போது அது பேசிக்கொண்டே வரும்.

அடுக்களைக்குள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் கேட்க ஆரம்பித்தேன். தாழ்த்தி என்ன பயன்? அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவர் ஆள் உயரத்தோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஓடு வரைக்கும் வெறும் வெளி. அங்கே பேசியது இங்கே அப்படியே கேட்கும். ‘தனியாகக் கேட்க வேண்டும்’ என்று சட்டம் போட்டவர்கள் அந்த மாதிரி வீட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

“அவியளுக்கு இப்பம் ஒரு ஓர்மையும் நிக்க மாட்டேங்கு மோளே” என்றார் அத்தை. “சாவிய வச்ச எடம் தெரியாது. கண்ணாடிய எங்கயாவது வச்சிருவாவ. போன வாரம் அரிசிப் பானைக்குள்ள கெடந்து எடுத்தேன். சொன்னதயே சொல்லிட்டு இருப்பாவ. நானும் எத்தனைதான் பாக்கது?”

“வெளியில போனா வழி தெரியுதா அத்தை?”

“எங்க தெரியுது? அதுக்குத்தான் தெனமும் மேல்விலாசம் எழுதிப் பையில வச்சு விடுதேன். தொலஞ்சா ஆராவது கொண்டு விடுவாங்கல்லா.”

சுறுசுறுப்பான பேச்சு. தடுமாற்றம் கிடையாது. ஒவ்வொரு கேள்விக்கும் உதாரணத்தோடு பதில். கட்டத்தில் ‘தகவல் நம்பகமானது’ என்று எழுதினேன்.

பிறகு கூடத்துக்கு வந்து மாமாவிடம் கேட்டேன். தேதி தெரியவில்லை. மாதம் தெரியவில்லை. மேல்விலாசம் கேட்டதும் சட்டைப்பையைத் தொட்டு, “அவ எழுதி வச்சிருக்கா” என்று சீட்டை எடுத்தார். பார்த்துச் சொல்லக் கூடாது என்றேன். “அப்பம் தெரியாது” என்றார். பூஜ்யம். தேங்காய், குடை, வள்ளம் மூன்றும் ஐந்தே நிமிஷத்தில் காணாமல் போயின. நூறிலிருந்து ஏழு கழிக்கச் சொன்னேன். தொண்ணூற்றிரண்டு என்றார். அப்புறம் எண்பத்து நான்கு, எழுபத்தாறு, அறுபத்தெட்டு. எல்லாம் தப்பு. அதற்கும் பூஜ்யம்.

அந்த நேரத்தில்தான் அத்தை இரண்டாவது சாயாவோடு வந்தார். “வெயில்ல வந்திருக்க மோளே, மொதல்ல இதக் குடி” என்றார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் ஒன்றும் நடக்காதது போலத் தம்ளரை வாங்கி வாயில் வைத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். எனக்குச் செய்தது மரியாதை என்றும், அவருக்கு வந்தது வியாதி என்றும் முடிவு கட்ட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கிளம்பும்போது அத்தை வாசல்வரை வந்தார். “எனக்கு ஒண்ணும் கேக்கண்டாமா மோளே?” என்றார்.

“உங்களுக்கு எதுக்கு அத்தை? நீங்கதானே இந்த வீட்டுக்கே ஓர்மை” என்று சிரித்தேன்.

அவரும் சிரித்தார். சாவிக்கொத்தை இடுப்பில் சரியாகச் செருகிக்கொண்டார்.

முடிவை வீட்டாருக்குக் கடிதமாக எழுதி அனுப்புவது எங்கள் வழக்கம். பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு நகல் போகும். இவர்களுக்கு ஒரே மகன், முருகேசன், பம்பாயில். அவருக்கு எழுதினேன். அப்பாவுக்கு மறதி நோய் தொடங்கியிருக்கிறது, அம்மா தெம்பாக இருக்கிறார், நன்றாகக் கவனித்துக்கொள்கிறார், கவலை வேண்டாம். கடைசி வாக்கியத்தை நான் சொந்தமாகச் சேர்த்தேன். நல்ல மனது பாருங்கள்!

தேங்காய், குடை, வள்ளம்

மழைக்காலம் முடிந்திருந்தது. ஒரு நாள் காலை எர்ணாகுளம் ஜெட்டியில் படகில் ஏறி உட்கார்ந்து, படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து இடத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

“தேங்காய், குடை, வள்ளம்” என்றது ஒரு குரல். “சரிதானா டாக்டரம்மா?”

ஆறுமுகம் மாமா. சலவை வேட்டி. மடியில் காகிதக் கட்டு ஒன்று. வாய் நிறையச் சிரிப்பு.

வழி தெரியாத மனிதர் என்று நான் எழுதிக் கொடுத்தவர், காயல் கடந்து கடைக்குப் போய்ச் சாமான் வாங்கித் திரும்பிக்கொண்டிருக்கிறார். பல மாதம் முன்னால் நான் சொன்ன மூன்று சொற்களை வரிசை மாறாமல் சொல்கிறார்.

“மாமா, அன்னைக்கு ஏன்...”

“நூறுல ஏழு போனா தொண்ணூத்தி மூணு” என்றார். “ஆயுசு பூராவும் மூட்டை எண்ணுனவனுக்கு அது தெரியாதா? எட்டு எட்டாக் கழிச்சேன். கண்டுபிடிச்சிருவியோன்னு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு.”

நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு, எண்பத்து நான்கு, எழுபத்தாறு, அறுபத்தெட்டு. மனிதர் தப்பைக்கூடத் தப்பில்லாமல் செய்திருக்கிறார். நான் உட்கார்ந்து பூஜ்யம் போட்டிருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

படகு கிளம்பியது. இன்ஜின் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது என்பதால்தான் அவர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாரோ என்னவோ.

“நீ அடுக்களையில அவகிட்ட கேக்க, அவ ‘அவியளுக்கு ஓர்மை இல்ல, ஓர்மை இல்ல’ன்னு சொல்லுதா. எல்லாம் கூடத்துல கேக்குதுல்லா. சாவியத் தொலைச்சது ஆரு? அவ. கண்ணாடிய அரிசிப் பானையில வச்சது ஆரு? அவ. அவளுக்கு அது தெரியல. நாந்தான்னு மனசார நம்புதா. பொறவு நீ எங்கிட்ட வந்து உக்காந்த. நான் எல்லாத்துக்கும் சரியாச் சொன்னா நீ என்ன செய்வ? அடுத்தாப்ல அவளத்தான பாப்ப?”

“பார்த்தா நல்லதுதானே மாமா?”

“மருந்து உண்டா?”

மருந்து அன்று இல்லை.

“பின்ன என்னத்துக்குப் பாக்கணும்?” என்றார். குரலில் கோபம் இல்லை. “முருகேசன் ரெண்டு பேரையும் வரச்சொல்லி எழுதிட்டே இருக்கான். போன வருசம் கூட்டிட்டுப் போனேன். மூணாம் மாடி. எல்லாக் கதவும் ஒண்ணுபோல இருக்கு. ராத்திரி எந்திரிச்சு எந்தக் கதவு கக்கூசுன்னு தெரியாம நின்னு அழுதா. இங்க வந்த மறுநாள் காலம்பற அடுப்புப் பக்கம் போனா, கை தானாப் போவுது. உப்பு எங்க, புளி எங்கன்னு கை தேடல. இவளுக்கு வியாதின்னு நீ எழுதுனா அவன் வந்து கூட்டிட்டுப் போயிருவான். நல்ல பய. அதான் பயமே.”

மடியில் இருந்த காகிதக் கட்டைச் சரிசெய்துகொண்டார்.

“எனக்குத்தான் ஓர்மை போச்சுன்னு அவ நெனைச்சுட்டு இருக்கட்டும். இந்த மனுசனப் பாத்துக்கணும்னு ஒரு வேலை இருக்குல்லா, அதுல அவ நிமுந்து நிக்கா. அவளுக்குன்னு தெரிஞ்சா அன்னைக்கே படுத்துருவா.”

மடியில் இருந்த கட்டு என்ன என்று கேட்டேன். பிரித்துக் காட்டினார். கோடு போடாத வெள்ளைத் தாள், சின்னச் சின்னச் சீட்டுகளாக வெட்டி வாங்கியது.

“மேல்விலாசம் எழுதத்தான். அவ எனக்காவ எழுதுதேன்னு நெனைக்கா. நாந்தான் தெனமும் காலம்பற கேட்டு எழுத வைக்கேன். வீட்டு நம்பரு, சந்து, எம் பேரு. அத மட்டும் அவ மறந்துரப்படாது.”

மட்டாஞ்சேரி ஜெட்டி வந்தது. வழக்கம்போல எல்லோரும் தும்மினார்கள். நான் அவர் பின்னாலேயே இறங்கினேன்.

ஒரு படிவம் குறைந்தது

அன்று யார் வீட்டுக்கும் போகவில்லை. ஜெட்டியிலேயே உட்கார்ந்து யோசித்தேன். படிவத்தைத் திருத்தினால் எங்கள் ஆராய்ச்சி நேராகும். மகனுக்குத் திருத்தக் கடிதம் போகும். அத்தை அந்த மூன்றாம் மாடிக் கதவுகளுக்கு நடுவில் போய் நிற்பார். திருத்தாவிட்டால், தெரிந்தே ஒரு பொய்யை அறிவியல் என்று சேர்ப்பேன். அதுவரை தெரியாமல் செய்தது. இனிமேல் அப்படிச் சொல்ல முடியாது.

மறுநாள் மாமாவைப் பார்த்து இரண்டு நிபந்தனை போட்டேன். அடுப்பை அவர்தான் பற்ற வைக்க வேண்டும், அணைக்க வேண்டும். மாதம் ஒரு தடவை நான் வந்து பார்ப்பேன், அத்தைக்குச் சமாளிக்க முடியவில்லை என்று நான் சொன்னால் மகனுக்கு எழுத வேண்டும். “செரி” என்றார். பிறகு அவருடைய படிவத்தை அடுக்கிலிருந்து உருவி, ‘விலகிக்கொண்டார்’ என்று எழுதித் தனியாக வைத்தேன். மகனுக்கு ஒன்றும் எழுதவில்லை.

பெரிய சார் விடவில்லை. “நல்ல கேஸாச்சே, ஏன் எடுத்தே?”

“அந்த வீட்டுல தகவல் சொன்னவரை நம்ப முடியாது சார்.”

அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். “அப்ப மத்த வீடுகள்ல?”

அந்தக் கேள்வி எனக்கும் ஜெட்டியிலேயே வந்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் அடுக்களையில் நின்று பதில் சொன்னாள். ஒருத்தியிடமாவது நான் தேதி கேட்டிருப்பேனா? சாயா நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தகவல் சொல்பவருக்கும் அதே கேள்விகளைப் போட வேண்டும், எல்லா வீட்டுக்கும் திரும்பப் போக வேண்டும் என்றேன். பெரிய சார் கத்தினார். நேரம் இல்லை, ஆள் இல்லை, உனக்கு வேலையே தற்காலிகம் என்றார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் புதுப் படிவம் அச்சாகி என் மேஜைமேல் இருந்தது. ‘தகவல் சொல்பவர்’ கட்டத்துக்குக் கீழே இன்னொரு முழுப் பக்கம்.

அதன் கடைசியில் என் கையால் ஒரு வரி சேர்த்தேன். ‘சாயா எத்தனை தடவை வந்தது?’ சக ஊழியர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நான் மாமாவுக்கு உடன்பட்டது சரியா? இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னிடம் படிக்கும் பிள்ளை யாராவது இன்று இப்படிச் செய்தால் கூப்பிட்டு உட்கார வைத்துத் திட்டுவேன். திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தூங்காமல் கிடப்பேன்.

மாதா மாதம் போனேன். அத்தை மாமாவை அதட்டிக்கொண்டே இருப்பார். “சட்டையத் திருப்பிப் போட்டிருக்காவ பாரு மோளே, கொழந்த மாதிரி ஆயிட்டாவ.” சட்டை சரியாகத்தான் இருக்கும். மாமா அதைக் கழற்றி, திருப்பி, மறுபடி அதே மாதிரி போட்டுக்கொள்வார். அத்தைக்கு அப்படி ஒரு திருப்தி. சாயாவில் சீனி சில மாதம் இருந்தது, சில மாதம் இல்லை. சில மாதம் உப்பு இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் முகம் சுளிக்காமல் குடிப்போம். நான் வாழ்க்கையில் பார்த்த தம்பதிகளில் இவர்களைப் போல யாரும் இல்லை. எனக்கு அவர்கள்மேல் பொறாமைகூட இருந்தது.

சீட்டு

எண்பதுகள் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். ஒரு காலை மாமா மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகுக்காக நின்றுகொண்டிருந்தார். நின்ற இடத்திலேயே சரிந்தார். மாரடைப்பு. அங்கிருந்தவர்களில் அவரை அடையாளம் தெரிந்தவர் யாரும் இல்லை. சட்டைப்பையைத் தடவினார்கள். சீட்டு இருந்தது. அதைப் படித்து, சந்து விசாரித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

முருகேசன் பம்பாயிலிருந்து வந்து எல்லாக் காரியமும் முடித்தார். அந்தப் பத்துப் பதினைந்து நாளில் அம்மாவைப் பற்றி அவருக்கே புரிந்துவிட்டது. நான் போனபோது வாசலில் நிற்க வைத்தே கேட்டார்.

“அம்மா தெம்பா இருக்காங்க, கவலை வேண்டாம்னு நீங்கதானே எழுதினீங்க?”

“நான்தான்” என்றேன். பிறகு படகு, எட்டு எட்டாகக் கழித்தது, சீட்டுக் கட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தெரிந்த பிறகும் எழுதாமல் இருந்ததையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் படியில் உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதார். “அப்பாவுக்கு ஓர்மை இல்லைன்னு நான் அவரோட சரியாப் பேசக்கூட இல்லையே” என்றார். அந்த மூன்று நான்கு வருஷப் பேச்சை அவரிடமிருந்து எடுத்தது நானும்தான்.

மறுநாள் அவர்களுக்குப் பம்பாய்க்கு ரயில். சாமான்கள் கட்டியாகிவிட்டது. அத்தை அடுக்களையில் சாயா போட்டுக்கொண்டிருந்தார், பக்கத்தில் முருகேசன் நின்று அடுப்பைப் பார்த்துக்கொண்டார்.

“வா மோளே, வெயில்ல வந்திருக்க” என்றார் அத்தை. என்னைத் தெரிந்ததா, வெயிலில் வருகிற எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வாரா, தெரியாது. தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு வாசலையே பார்த்தார். “அவியள இன்னும் காணல. காலம்பற போனவிய. எங்கயாவது நின்னு முழிச்சிட்டு இருப்பாவ. ஓர்மை இல்லாத ஆளுல்லா. சீட்டு வச்சிருக்கேன், ஆராவது கொண்டு விடுவாங்க.”

முருகேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கணவர் இறந்ததை அத்தையிடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் புதிதாக அழுதுவிட்டு, கொஞ்ச நேரத்தில் மறந்துபோனார். சீட்டு வைத்தது மட்டும் மறக்கவில்லை.

இரண்டாவது சாயாவும் வந்தது. குடித்தேன். சீனி இருந்ததா இல்லையா என்று எனக்கு நினைவில்லை.

கிளம்பும்போது, “நில்லு” என்றார் அத்தை. பிறைமாடத்தில் இருந்த சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, சுவரில் வைத்து நின்றபடியே எழுதினார். நான்காக மடித்து என் பைக்குள் போட்டார்.

“வழியில அவியளக் கண்டா இதப் பாத்துக் கூட்டிட்டு வந்துரு மோளே.”

வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

படகில் உட்கார்ந்து சீட்டைப் பிரித்தேன். மலையாள எழுத்து. கோணல் வரிகள். மேலே மாமாவின் பெயர். அதற்குக் கீழே வீட்டு எண், சந்தின் பெயர், மட்டாஞ்சேரி, கொச்சி. எங்கும் ஒரு தப்பு இல்லை.

எங்கள் படிவத்தில் மேல்விலாசத்துக்கு இரண்டு மதிப்பெண். பேனாவை எடுத்துச் சீட்டின் ஓரத்தில் இரண்டுக்கு இரண்டு என்று போட்டு, கீழே என் கையெழுத்தையும் வைத்தேன்.